சுடாத குழாய்

மூன்றாவது வளைவில் வண்டி அணைந்துவிட்டது. நேற்றும் இதே இடம்தான். பின்னால் கட்டியிருந்த தட்டுகள் ஒரு பக்கம் சரிய, மாயழகு காலை ஊன்றிப் பிடித்தான். பன் எதுவும் கீழே விழவில்லை. அந்த மட்டுக்கும் பிழைத்தான்.

அடிவாரத்து பேக்கரியில் பன்னும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு போய் மலைமேல் டீக்கடைகளுக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. வண்டிக்கு இரண்டு சிலிண்டர், அவற்றுக்குப் பெட்ரோல் ஊட்ட இரண்டு கார்புரேட்டர், புகை விட இரண்டு சைலன்சர். யாரும் அவன் தலையில் கட்டவில்லை. ஆசைப்பட்டுத் தானே வாங்கியது. அதனால் திட்டுவதற்கு வேறு ஆளும் கிடையாது.

இன்றைக்கு மேலே போய்ச் சேராவிட்டால் கதை முடிந்தது. வேன் வைத்திருக்கும் சூசை கடை கடையாகப் பேசிவிட்டான். கடைக்காரர்களும் மாயழகிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். இன்னொரு நாள் பன் வரவில்லை என்றால் அதற்கப்புறம் வேன்தான்.

அந்த வளைவில் ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஒரு விளக்கு, வாசலில் ஒரு பைப், அவ்வளவுதான். அங்கே இருக்கிற குருவுக்குத் தாடியும் இல்லை, சடையும் இல்லை. பெயர் தில்லையம்மை. மாயழகைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவன் அவளைச் சாமி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். ஏன் அவளைப் போய் குருவாகப் பிடித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவளிடம் பேசிவிட்டுப் போனால் நன்றாகத் தூக்கம் வரும். அது போதாதா?

சத்தம் நின்றதும் அவள் வெளியே வந்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கும் தரிசனமா?"

"கிண்டல் பண்ணாதீங்க சாமி. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். இந்தக் கார்புரேட்டரை நானே திருகிச் சரி பண்ணவா, இல்ல மெக்கானிக் கடையில குடுத்துத் தொலைக்கவா?"

"நீங்க திருகிப் பார்த்தீங்களா?"

"வேற வேலையே பார்க்கலை. வீட்டு வாசல்ல நிக்கும்போது பாட்டுப் பாடுது. மலை ஏறினா செத்துப் போகுது."

"கடையில காட்டினீங்களா?"

"காட்டினேன். எந்தப் பய இதுல கை வச்சான்னு நாலு பேர் முன்னாடி கேட்டான். அப்படியே திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வண்டி சரியில்லைன்னேன். வேற என்னத்தச் சொல்றது?"

தில்லையம்மை தட்டின் மேல் துணியை விலக்கி ஒரு பன்னை எடுத்தாள். கடித்தாள்.

"சாமி, நான் ஒண்ணு கேட்டேன்."

"காதுல விழுந்துச்சு. பன் நல்லா இருக்குண்ணே."

மாயழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருவாகவே இருக்கட்டும், அவசரத்துக்கு ஒரு பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனாலும் அவள் பன்னை முழுசாகத் தின்று, பைப்பில் தண்ணீர் குடித்து, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறவரை நின்றான். அதற்குள் வண்டி நன்றாக ஆறிவிட்டது.

"இப்ப உதைங்க."

உதைத்தான். கிளம்பியது. நின்ற இடத்தில் சீராகத்தான் ஓடியது.

அவள் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இடது பக்க சைலன்சர் குழாய்க்கு நேரே உள்ளங்கையைக் காட்டினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வலது பக்கக் குழாய்க்கு நேரே காட்டினாள். இழுக்கவில்லை. வைத்தபடியே இருந்தாள்.

"கையை எடுங்க சாமி, சுட்டுடும்."

"சுடலையே."

"சுடாம எப்படி இருக்கும்?"

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

மாயழகு ஸ்டாண்டு போட்டு இறங்கினான். தன் கையை வைத்துப் பார்த்தான். இடது பக்கம் அனல் அடித்தது. வலது பக்கம் யாரோ வாயால் ஊதுகிற மாதிரி வெறும் காற்று.

குனிந்து இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாமி, முறுக்காம ஸ்லோவுல விட்டா அணைஞ்சு போகுதுன்னு நான் ஓட்டத்தைக் கூட்டி வச்சேன். இடது பக்கம் மட்டும் நல்லாக் கத்தியிருக்கு. நான் அதைப் பாட்டுன்னு நினைச்சிட்டேன்."

"ம்."

சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கூட்டி வைத்ததைக் குறைத்தான். வண்டி ஒற்றைக் காலில் நொண்டுவது போல ஓடியது. இடது பக்க கார்புரேட்டர் ஸ்க்ரூவை லேசாகத் திருகினான், சத்தம் மாறியது. வலது பக்கத்தைத் திருகினான், மாறவில்லை. இன்னும் திருகினான். ஒன்றுமே இல்லை.

"இந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது. அந்தப் பக்கம் கேக்க மாட்டேங்குது. மெதுவா ஓடுறப்ப பெட்ரோல் வர்றதுக்குன்னு உள்ள பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு. அது அடைச்சிருக்கணும். ஆக்சிலேட்டரை முறுக்கிக்கிட்டே போனா வேற வழியா பெட்ரோல் வந்துரும், ரெண்டும் ஓடும். வளைவுல முறுக்கைக் குறைச்சதும் அது தூங்கிடுது."

சொல்லி முடித்த பிறகுதான், இவ்வளவும் தன் வாயிலிருந்தா வந்தது என்று அவனுக்கு உறைத்தது.

"அந்த ஓட்டையை நீங்களே சரி பண்ணிடுவீங்களா?"

"மாட்டேன் சாமி. பிரிச்சேன்னா திரும்ப மாட்டத் தெரியாது. அதை மெக்கானிக்தான் பார்க்கணும்."

"இந்தத் தடவை அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"வலது பக்கத்தை மட்டும் பிரிச்சு சுத்தம் பண்ணச் சொல்வேன். இடது பக்கம் நான் பார்த்துக்கிட்டேன், அதுல கை வைக்காதேன்னு சொல்வேன்."

"எந்தப் பய கை வச்சான்னு கேட்டாரே?"

"நான்தான்டான்னு சொல்லிட்டுப் போறேன்."

தில்லையம்மை எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து கேக்குறீங்க? வண்டியைத் திருப்புங்க. இறக்கம்தானே, உருட்டிக்கிட்டே கடைக்குப் போயிடலாம். தட்டை இங்க இறக்கி வைங்க. மேல போற ஜீப் வந்தா ஏத்தி விடுறேன்."

மாயழகு மலையை அண்ணாந்து பார்த்தான். இன்னும் நிறைய வளைவு இருந்தது. டீக்கடைகளில் இந்நேரம் பால் கொதித்திருக்கும்.

"சரிங்க சாமி," என்றான்.

தட்டுக் கயிற்றில் கை வைத்தான். அவிழ்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்று இழுத்து இறுக்கினான். ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, வலது பக்கம் தூங்கிவிடாதபடி முறுக்கைக் கொஞ்சமும் குறைக்காமல் மேல் வளைவுக்குள் போனான்.