மடத்து மீட்டர்

மாசிலாமணிக்குக் காவி வேண்டும். மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அதே நச்சரிப்புதான். சீடர்களில் வயதில் மூத்தவர் அவர். சொல்லப்போனால் குருவுக்கே அவர் மூத்தவர். நரைத்த தலையோடு இன்னும் வெள்ளை வேட்டியில் நிற்பது அவருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது.

"சாமி, எனக்கு எப்போ காவி?"

அந்த நேரம் பார்த்து பண்டங்கள் வைக்கும் உக்கிராண அறையிலிருந்து கறுப்புப் பூனை ஒன்று வெளியே வந்தது. வாயெல்லாம் தயிர். அறையின் கதவைக் கரையான் தின்று தீர்த்ததிலிருந்து மடத்துத் தயிர் பூனைக்குத்தான்.

"முதல்ல இது உள்ளே போகாதபடி ஒரு கதவு போடுங்க. காவியை அப்புறம் பாப்போம்" என்றார் குரு.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கதவுதானே! நேரே பூஜை அறைக்குப் போய் மீட்டர் கோலை எடுத்தார்.

ஜவுளிக்கடையில் துணி அளப்பார்களே, அந்த மாதிரி இரும்புக் கோல். முன்பு இங்கே குருவாக இருந்து காலமான பெரியசாமி மடத்துக்கென்று வாங்கியது. அவர் போனபிறகு அதைப் பூஜையில் வைத்தவர் மாசிலாமணிதான். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நுனிகளிலும் சந்தனம் அப்புவார். பழைய சந்தனத்தை வழிக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். பெரியசாமி தொட்ட கோலைப் போய்ச் சுரண்டுவதாவது!

கோலுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வாசலை அளந்தார். உயரத்துக்குக் கோல் இம்மி பிசகாமல் இரண்டு முறை அடங்கியது, அகலத்துக்கு ஒரு முறை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஊருக்குள் இருந்த தச்சர் அணைஞ்சபெருமாளுக்கு ஆள் அனுப்பினார். உயரம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர்.

கதவு வந்தது. நல்ல வேங்கைக் கதவு. தச்சர் அதை மாட்டி, சாத்தி, வியர்வையைத் துடைத்தார். பூனை வந்து கதவைப் பார்த்தது. பிறகு வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, அடியில் இருந்த சந்து வழியாக உள்ளே போய்விட்டது.

கீழே நாலு விரல் இடைவெளி. பக்கத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

மாசிலாமணி தச்சர்மேல் பாய்ந்தார். போனது தயிரில்லை, காவி. "என்னய்யா இது? ரெண்டு மீட்டர்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ரெண்டு மீட்டர்தான் அண்ணாச்சி" என்று தச்சர் டேப்பை நீட்டிக் காட்டினார். கதவு சரியாக இரண்டு மீட்டர்.

மாசிலாமணி கோலை வைத்துப் பார்த்தார். கதவு நாலு விரல் குறைந்தது. "உன் டேப்பு பொய்."

"அப்படியா? டேப்பை வச்சு உங்க கோலை ஒருதடவை அளந்து பாத்துருவோமா?"

"பெரியசாமி கோலை நீ அளப்பியா? நாக்கு அழுகிப்போகும்வே!"

தச்சர் கதவடியில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். கதவை மாட்டியாயிற்று, இனி அவருக்கு என்ன வந்தது? மாசிலாமணி கோலை மார்போடு அணைத்துக்கொண்டு குருவிடம் ஓடினார். குரு தொட்டியடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்களே தீர்ப்புச் சொல்லணும். எது உண்மையான மீட்டர்? நம்ம கோலா, அந்த ஆளோட டேப்பா?"

"மீட்டர்னா என்ன, மாசிலாமணி?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மாசிலாமணி நிமிர்ந்தார். மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் கதை அது.

"அந்தக் காலத்துல இங்க வேட்டித்துணியை முழத்துலதான் அளப்பாங்க, சாமி. கை நீளமானவர் அளந்தா எல்லாருக்கும் நீள வேட்டி, கை குட்டையானவர் அளந்தா எல்லாருக்கும் குட்டை வேட்டி. யார் அளக்கிறதுன்னு தினம் சண்டை. பெரியசாமி போய் இந்தக் கோலை வாங்கிட்டு வந்தார். 'இது உன் கையும் இல்லை, அவன் கையும் இல்லை. என் கையும் இல்லை. இதுக்குப் பேர் மீட்டர்'னு சொன்னார். அன்னைக்கோட சண்டை ஒழிஞ்சது."

"நல்லாச் சொன்னீங்க. அதைக் கொடுங்க."

குரு கோலை வாங்கித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். தேங்காய் நாரை எடுத்தார்.

"சாமி! சாமி! அது பெரியசாமி..."

குரு தேய்த்தார். காய்ந்த சந்தனத்தின்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடியும் சந்தனம். ஒவ்வொரு நுனியிலும் ஒரு விரல் தடிமனுக்கு இறுகிப்போயிருந்தது. பொத்தென்று ஒரு கட்டி தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று. உள்ளே கறுத்த, மெலிந்த இரும்புக் கோல் இருந்தது.

குரு ஒரு கட்டியை எடுத்து மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது யாரோட கை?"

மாசிலாமணிக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. இத்தனை வெள்ளிக்கிழமையும் இதையா வளர்த்தோம் என்று கட்டியையே பார்த்தார். பிறகு கோலைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை மறுபடி அளந்தார். கதவு இரண்டு மீட்டர். வாசல் இரண்டு மீட்டரும் நாலு விரலும்.

தச்சர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அடியிலும் பக்கத்திலும் ஒட்டுப்பலகை அடித்துக் கொடுத்தார். சிரிப்பை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை.

சாயங்காலம் பூனை வந்தது. கதவை முகர்ந்தது. காலால் பிறாண்டிப் பார்த்தது. வாசலில் உட்கார்ந்து கத்தத் தொடங்கியது.

அந்தக் கத்தல் மாசிலாமணியின் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. மதியம் வந்த அழுகை போன இடம் தெரியவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசி, குருவின் முன்னால் கைகட்டி நின்றார். நெஞ்சை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார்.

"பூனை வெளியே நிக்குது, சாமி. மடத்துல மூத்தவன் கை வச்சா சோடை போகுமா? இனி காவிக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

குரு அவரை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்தார்.

"இப்பவே ரெண்டு விரல் கூடத்தான் இருக்கீங்க, மாசிலாமணி. அதுமேல காவியும் பூசிவிட்டா, எந்த வாசல்ல நுழைவீங்க?"