வெறும் தகடு

"மேடம், காந்தம் என் கையில மட்டும்தான் வருது" என்றார் பொற்செழியன்.

சொல்லும்போதே முகத்தில் பெருமை பொங்கியது. பாலிடெக்னிக் வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, நரை விழுந்த பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். வழிகாட்டி ஹபீபா அவரைவிட வயதில் சின்னவர்.

ஹபீபா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"விவரமா சொல்லுங்க."

"நகத்தளவு சஃபையர் தகடு. எஃகையே சுரண்டிடும், அவ்வளவு கெட்டி. அது மேல துத்தநாக ஆக்சைடை மெல்லிசாப் படிய வைக்கிறோம். அது குறைக்கடத்தி, அதுல காந்தம் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் செஞ்சா வருது. அதே வெற்றிட அறை, அதே சூடு, மெர்லின் செஞ்சா மட்டும் வரமாட்டேங்குது."

"ஏனாம்?"

"கைராசிதான் மேடம், வேறென்ன!"

ஹபீபா சிரிக்கவில்லை. அது செழியனை லேசாக உறுத்தியது.

"கட்டுரையை இன்னைக்கே அனுப்பிடலாமா? லீவு இந்த மாசத்தோட முடியுது. டாக்டர் பட்டம் இல்லாம திரும்பிப் போனா ஸ்டாஃப் ரூம்ல தலைகாட்ட முடியாது மேடம்."

"அனுப்பலாம். அதுக்கு முன்னாடி, ஒண்ணும் பூசாத வெறும் தகட்டை அளந்துட்டு வாங்க."

"பூசாததுல என்ன மேடம் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. அதைப் பார்த்துட்டு வாங்க."

இது என்ன வேண்டாத வேலை என்று முனகிக்கொண்டே போனார். புது டப்பாவைப் பிரித்தார். சட்டைப்பையிலிருந்து தன் எஃகு இடுக்கியை எடுத்தார். பாலிடெக்னிக் நாளிலிருந்து கூடவே வருகிற இடுக்கி. சக மாணவி மெர்லினின் பிளாஸ்டிக் இடுக்கியைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். தகடு நழுவிவிடாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்து, காந்தத்தை அளக்கும் கருவிக்குள் வைத்தார்.

திரையில் கோடு ஏறியது, வளைந்தது, இறங்கியது. காந்தத்தின் அடையாளமாக அவருக்கு மனப்பாடமான அதே வளையம்.

வேறு தகடு வைத்தார். அதே வளையம்.

அடக் கடவுளே! இடுக்கியைப் பையில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வெறும் தகட்டுலயும் வருது மேடம்."

ஹபீபா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் கண்டுபிடிச்சது என்ன மேடம்?"

ஹபீபா எழுந்து போய், பீரோ கதவில் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தார். செழியனின் சட்டைப்பைக்கு நேராக நீட்டினார்.

இடுக்கி துணியோடு எழும்பி வந்து டக்கென்று ஒட்டிக்கொண்டது.

செழியன் அதை விடுவித்து வெளியே எடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தகடுகளை அழுத்திப் பிடித்த அதன் நுனியை உற்றுப் பார்த்தார்.

தேய்ந்திருந்தது.