அரசன் நாக்கில் பற்றிய தீ

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைச் சூரியகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனசு தங்கமான மனுஷன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் வேறொன்று தோன்றும், தோன்றியதை உடனே சட்டமாக்கிவிடுவார். அந்தச் சட்டங்களுக்கு நடுவில் நாடு கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் மந்திரி அறவாழி.

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் தீயணைப்புப் படை உண்டு. அதை ஏற்படுத்தியவரே அறவாழிதான். படையில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சோறும் கூலியும் ஊர்ப் பொதுவிலிருந்து வரும். வசதியுள்ள ஊரில் புது ஏணி, தண்ணீர் சுமக்கப் புதுத் தோல்பை. ஏழை ஊரில் ஏணி ஒடிந்தால் ஒடிந்ததுதான், கயிறு கட்டி ஏறவேண்டியதுதான்.

நெசவாளர்கள் நிறைந்த பஞ்சூர் அப்படியோர் ஏழை ஊர். அறவாழியின் தங்கை செங்கமலம் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். போன பங்குனியில் நெசவுத் தெருவில் தீப்பிடித்து, பஞ்சுப் பொதிகள் குபுகுபுவென்று எரிந்தன. செங்கமலம் கைக்குழந்தையோடு உள்ளே மாட்டிக்கொண்டாள். படைத்தலைவன் வெள்ளையப்பன் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே புகுந்து இருவரையும் தூக்கி வந்தான். அவன் இரண்டு கைகளும் வெந்துபோயின.

சேதி கேட்டு ஓடிவந்த அறவாழி, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். வெள்ளையப்பன் பின்னுக்கு நகர்ந்தான்.

"எங்க தெரு சாமி. எங்க பிள்ளை. இதுக்கு எதுக்கு மாலை?"

அன்றிலிருந்து அறவாழி சாப்பாட்டில் கைவைக்கும்போதெல்லாம் அந்த வெந்த கைகள் ஞாபகத்துக்கு வரும். கண் கலங்கிவிடும்.

ஊர் ஊராக ஜனங்கள் மந்திரியை வாழ்த்துவதைப் பார்க்க ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அவர் தாண்டவராயர், அரண்மனைக் காரியஸ்தர். ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் தீயணைப்புப் படையைத் தலைநகருக்கு வரவழைத்தால் என்ன? எல்லாருக்கும் சிவப்புத் தலைப்பாகை கட்டி அரண்மனை வாசலில் நிறுத்தினால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! எங்கே தீப்பிடித்தாலும் ஊர்த்தலைவர் வட்டார அதிகாரியான நாட்டாருக்குச் சொல்லட்டும். நாட்டார் முத்திரை போட்டு எனக்கு அனுப்பட்டும். நான் பார்த்து ஆள் அனுப்புகிறேன்."

ராஜாவுக்குச் சிவப்புத் தலைப்பாகைகள் கண்முன்னே அணிவகுத்து நடந்தன. "பலே! வருகிற அமாவாசைக்குள் எல்லாரும் இங்கே வந்துவிடவேண்டும்!"

அறவாழி எழுந்தார். "அரசே, பஞ்சூர் இங்கிருந்து நெடுந்தூரம்..."

"நான் சொன்னால் சொன்னதுதான்!"

மந்திரி சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். "தங்கள் ஏற்பாட்டை முதலில் என் வீட்டில் நடத்திப் பார்க்கிறேன். நாளை மத்தியானம் அடியேன் வீட்டில் விருந்து. தாண்டவராயரும் வரவேண்டும்."

மறுநாள் தாண்டவராயர் வந்ததும் மந்திரி கும்பிட்டார். "வீட்டுத் தண்ணீரையெல்லாம் தோட்டக் கோடியில் ஒரே தொட்டியில் சேர்த்துவிட்டேன். தங்கள் முறைப்படியே தாங்கள்தான் அதற்கு அதிகாரி."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியருகே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்.

உள்ளே ராஜாவுக்கு இலை போட்டார்கள். காரம் என்றால் அவருக்கு உயிர். காந்தாரி மிளகாய்த் துவையலை உருட்டி வாயில் போட்டதுதான் தாமதம், "ஆ! தண்ணீர்!" என்று அலறினார். இலையோரம் செம்பும் இல்லை, குவளையும் இல்லை.

"வாசற்காரரிடம் சொல்கிறோம் அரசே. அவர் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்புவார்" என்று பணிவாகச் சொன்னார்கள் பரிமாறுகிறவர்கள்.

தோட்டத்தில் தாண்டவராயர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். "யாருக்குத் தண்ணீர்? எவ்வளவு? முத்திரை எங்கே?"

"விருந்தாளி ஒருவருக்கு ஐயா. எரிகிறது, எரிகிறது என்று கத்துகிறார்."

"எரிந்தால் யாரும் கத்தத்தான் செய்வார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே! போய் முத்திரை வாங்கி வா!"

அதற்குள் ராஜா, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, கிரீடம் ஒரு பக்கம் சரிய, தோட்டத்துக்கே ஓடிவந்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டும் தாண்டவராயர் திரும்பவில்லை. "முத்திரை இல்லாமல் ஒரு சொட்டு கிடையாது!" என்றார்.

"அடேய்!" என்ற கர்ஜனையில் தாண்டவராயர் நாற்காலியோடு கவிழ்ந்தார். ராஜா தொட்டிக்குள் தலையையே விட்டுவிட்டார்.

நிமிர்ந்தபோது எதிரே அறவாழி கைகூப்பி நின்றார்.

"மன்னிக்கவேண்டும் அரசே. தண்ணீர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதற்கே தங்கள் நாக்கு பொறுக்கவில்லை. பஞ்சூர் கூரைகள் எப்படிப் பொறுக்கும்? வெள்ளையப்பன் அந்தத் தெருவிலேயே இருந்ததால்தான் என் தங்கையும் அவள் குழந்தையும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அந்த நன்றிக்காக என் தலை போனாலும் சரி."

ராஜா சொட்டச் சொட்ட நின்றார். முறைத்தார். பிறகு இடி இடியென்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மந்திரியின் தோளில் கைவைத்தார். "தலை போகவேண்டியது உமக்கில்லை ஐயா. நானல்லவா அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும்!"

அப்போதே ஆணை பிறந்தது. படை அவரவர் ஊரிலேயே இருக்கும். ஆட்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. ஆனால் சம்பளம், ஏணி, தோல்பை, பயிற்சி எல்லாம் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல அரசுக் கருவூலத்திலிருந்து போகும். தீக்காயம் பட்டவன் குடும்பத்தை அரண்மனை காப்பாற்றும்.

"தாண்டவராயரே, இந்தக் கோடை முழுக்க நீர் பஞ்சூரில் தண்ணீர் சுமக்கிறீர்!"

வைகாசிக் கடைசியில் தங்கையைப் பார்க்கப் போன அறவாழி, ஊர் எல்லையிலேயே புகையைப் பார்த்துவிட்டு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் தீ அணைந்திருந்தது. புது ஏணிகள் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தன. கரிபடிந்த ஆட்கள் வரிசையில், புருவம் பொசுங்கி, தோளில் தோல்பையோடு தாண்டவராயர் உட்கார்ந்திருந்தார். வீடு தப்பிய நெசவாளப் பெண்ணொருத்தி மோர்ச் செம்பை அவர் கையில் கொடுத்து, "நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்று கும்பிட்டாள்.

சபையில் எத்தனையோ பாராட்டு வாங்கிய மனுஷன், செம்பைப் பிடித்தபடி தேம்பி அழுதார்.

அறவாழி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கோடை முடியப்போகிறது. அரசரிடம் சொல்லித் தங்களைத் திரும்ப வரவழைக்கட்டுமா?"

தாண்டவராயர் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார்.

"மந்திரியாரே, உமக்குப் புண்ணியமாகப் போகும். என் தண்டனை முடிந்துவிட்டதென்று அரசருக்கு ஞாபகப்படுத்திவிடாதீர்!"