அடித்தவன் தடவ வேண்டும்

முதலில் தப்புச் செய்தவன் கோலப்பன். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலிருந்து கேட்கிறவர்கள் மாசிலாமணியைக் குற்றம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.

"ஆசானே, அவன் இன்னைக்கும் வரல்ல" என்றார் மாசிலாமணி.

தாணு ஆசான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ஆமா அண்ணாச்சி. வரல்ல."

ஆசானைவிட மாசிலாமணிக்கு வயது கூடுதல். ஆசானுடைய அப்பா இருந்தபோதே அடிமுறை என்ற சண்டைக்கலை படிக்க வந்தவர். அப்பா போனார், மகன் ஆசானானார். மாசிலாமணி சீடனாகவே இருந்தார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அவருடைய குறை வேறு.

களரி ரப்பர்த் தோட்டத்துக்குக் கீழே இருந்தது. இடுப்பளவு தோண்டிய மண் தரை, மேலே ஓலை, ஒரே வாசல். ஓரத்தில் ஒரு பலகை. அடிபட்டவன் அந்தப் பலகையில் உட்காருவான்.

அந்தக் களரிக்கு ஒரு முறை உண்டு. அடித்தவன் தடவ வேண்டும். யார் கையால் அடிபட்டதோ அவனே காலையில் வந்து, எண்ணெயைச் சுட வைத்து, வலி போகிறவரை தடவிக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது என்றில்லை. ஆனால் யாரும் தொட்டதில்லை. காலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்த இரண்டு பேர், கொஞ்ச நாளில் ஒன்றாக டீ குடிக்கப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

மாசிலாமணியோடு டீ குடிக்க ஒருவன் வர வேண்டும். வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மாசிலாமணியும் கூடப் படித்த கோலப்பனும் கம்பு பிடித்து நின்றார்கள். ஆசான் கை தட்டினார். கை தட்டினால் நிறுத்த வேண்டும். மாசிலாமணி நிறுத்தினார். கையைத் தாழ்த்தினார். தாழ்த்திய கையின் மணிக்கட்டில் கோலப்பனின் கம்பு இறங்கியது.

மாசிலாமணியின் கம்பு கீழே விழுந்தது. மாசிலாமணி குனிந்து எடுக்கப் பார்த்தார். விரல் கேட்கவில்லை.

"கை தானே, தலையா போச்சு?" என்றான் கோலப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் ஏறினான். அதுதான் அவன் அந்தக் களரியில் கடைசியாகப் பேசிய பேச்சு.

"கை இறுகிட்டு வருது அண்ணாச்சி. இப்பமே பிடிச்சாத்தான் உண்டு. நான் தடவட்டா?" என்றார் அடுப்படியிலிருந்த ஆசான்.

"நீங்களா அடிச்சிய?"

"இல்ல."

"பின்ன நீங்க எதுக்குத் தடவணும்?"

ஆசான் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தார். மாசிலாமணி பலகையில் உட்கார்ந்து வலது கையை நீட்டி வைத்திருந்தார். எண்ணெய் ஆறியது. வெயில் ஏறியது. அவர் எழுந்து வேலைக்குப் போனார்.

மறுநாளும் அப்படித்தான்.

அதற்கு மறுநாளும்.

களரியில் ஒருவன் சிரித்தான். "மாப்பிள்ளை குளிக்க உட்கார்ந்திருக்காரு. எண்ணெய் தேய்க்க மச்சினன் இன்னும் வரல்ல போல."

மாசிலாமணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவன் முகத்தை மறக்கவும் இல்லை.

கை, செத்த நண்டு போல மடங்கிப்போனது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதுதான் அவர் பிழைப்பு. பட்டையை முடியளவுக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலோடு போனால் பால் வராது. அதற்கு விரல் வேண்டும். விரல் இல்லாதவருக்கு முதலாளி வேறு வேலை கொடுத்தார். சிரட்டையில் காய்ந்து ஒட்டிய பாலைச் சுரண்டிச் சாக்கில் போடுகிற வேலை. பெண்டுகளும் கிழங்களும் செய்கிற வேலை.

சோற்றை இடது கையால் தின்றார். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காருவதை விட்டார்.

"கோலப்பன்கிட்ட நீங்க சொல்லி அனுப்பணும் ஆசானே" என்றார் ஒருநாள்.

"அவன் ஊருக்கு நேர்லயே போனேன். சொன்னேன்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னான்?"

"கை தட்டுனது காதுல விழல்லன்னு சொன்னான்."

"எனக்கு விழுந்ததுல்லா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

"அதுக்கு?"

"சிரிச்சான்."



"அங்க என்ன செய்யுறான்?"

ஆசான் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "களரி போட்டிருக்கான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கான். ஆசான்னு கூப்பிடுறாங்க."

அன்று எண்ணெய் ஆறுகிறவரை மாசிலாமணி காத்திருக்கவில்லை. எழுந்து ஆசான் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு இடது கைக்கு ஒரு அடி சொல்லித் தாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"அடிச்ச பிறகு?"

"நான் அடிச்சா நான் தடவுவேன். எனக்கு முறை தெரியும். அவனைப் போல ஓட மாட்டேன்."

ஆசான் அவருடைய முகத்தைப் பார்த்தார். மடங்கிய கையைப் பார்த்தார்.

"செரி" என்றார்.

தூணில் வாழைத்தண்டைக் கட்டினார்கள். தோள்பூட்டின் உயரத்துக்கு ஒரு கீறல் போட்டார் ஆசான். "இங்க. கையோட ஓரத்தால. தோளிலேருந்து இல்ல, காலிலேருந்து வரணும்."

மாசிலாமணி அடித்தார். தண்டு சிரித்தது போலச் சத்தம் வந்தது.

"காலிலேருந்து."

அடித்தார்.

"கோலப்பனை நினைக்காதீங்க. நினைச்சா தோள் முந்துது."

"நினைக்காம எப்படி அடிக்க?"

ஆசான் சிதைந்த தண்டை அவிழ்த்துவிட்டு வேறு தண்டு கட்டினார்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. தளிர்த்தன. மாசிலாமணியின் வேட்டி முழுக்க வாழைக்கறை. வீட்டில், துவைத்தாலும் போகாது என்று அவர் மனைவி சொன்னாள். போக வேண்டாம் என்றார்.

கடைசியில் ஒருநாள் தண்டு இரண்டாக ஒடிந்து, மேல் பாதி தரையில் விழுந்தது.

"நாளைக்குப் போறேன்" என்றார் மாசிலாமணி.

"போங்க. போறதுக்கு முன்ன என் மேல ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

"ஆசானே!"

"வாழைக்கு எலும்பு இல்ல அண்ணாச்சி. எலும்பு மேல படாத அடியை நம்பியா போறீங்க?"

"உங்க மேல கை வைக்க மாட்டேன்."

"பயமா?"

"மரியாதை."

"மரியாதைன்னுதான் கை தட்டுனதும் கையைத் தாழ்த்துனீங்க."

களரியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் ஆசானாயிட்டான்" என்றார் தாணு ஆசான். குரலை உயர்த்தவில்லை. "நீங்க பலகையில உட்கார்ந்து கை நீட்டுறீங்க. அவன் அடிக்கப் பொறந்தவன். நீங்க வாங்கப் பொறந்தவரு. அதுல தப்பு ஒண்ணும்..."

அடி விழுந்தது.

வாழைத்தண்டின் சத்தமாக அது இல்லை.

ஆசான் மண்ணில் ஒருக்களித்து விழுந்தார். எழுந்திருக்கக் கை ஊன்றினார்; ஊன்றிய கை நழுவியது. தோள் ஒரு பக்கம் இறங்கி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி நடந்து, பலகையில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி தன் இடது கையைப் பார்த்தபடி நின்றார். இவ்வளவு இருந்ததா இதற்குள்?

"எண்ணெயைச் சுட வையுங்க" என்றார் ஆசான்.

"நான் நாளைக்குப் போகணும் ஆசானே."

"போங்க. கோலப்பனும் இப்படித்தான் போனான்."

மாசிலாமணி அடுப்பைப் பற்ற வைத்தார்.

தோளைப் பூட்டில் ஏற்றுகிற வேலையை ஆசானே சொல்லச் சொல்ல இரண்டு பேர் பிடித்துச் செய்தார்கள். அதற்குப் பிறகு தடவல். அது மாசிலாமணியின் பாடு.

இடது கையால் தடவினார்.

"ஒரு கைக்குத் தோள் அடங்காது" என்றார் ஆசான்.

"மற்றக் கை செத்த கை."

"செத்த கையானா எண்ணெய் சுடாதுல்லா. முக்குங்க."

முக்கினார். சுட்டது. சொல்லவில்லை.

காலைதோறும் வந்தார். கோலப்பனிடம் போவது தள்ளிப் போனது. இவரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அங்கே போய் எந்த வாயால் நியாயம் கேட்பது? அதனால் தடவினார். இடது கையால் அழுத்தினார். வலது கையின் கொக்கி விரல்களைத் தோள் வளைவில் மாட்டி இழுத்தார்.

"குறைஞ்சிருக்கா ஆசானே?"

"இல்ல."

"நேத்தைக்கு இன்னைக்கு?"

"அப்படியே கெடக்கு. இன்னும் கொஞ்சம் சூடா வையுங்க."

கேலி பேசியவன் இப்போது பேசுவதில்லை. இரண்டு பேரையும் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போவான்.

மழை பிடித்த ஒரு காலையில் ஓலைக்கூரை இரைந்துகொண்டிருந்தது. எண்ணெய் நன்றாகச் சுட்டிருந்தது. மாசிலாமணி வழக்கம்போல வலது கையைத் தோளில் வைத்து இழுத்தார்.

சுண்டுவிரல் எலும்பைப் பிடித்தது.

நின்றுவிட்டார்.

மறுபடி இழுத்தார். சுண்டுவிரல் பிடித்தது. அதற்கு அடுத்த விரல் கொஞ்சம் நிமிர்ந்து, யோசித்து, அதுவும் பிடித்தது.

ஆசான் முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய முதுகு மூச்சு விடவில்லை.

"ஆசானே."

"ம்."

"அன்னைக்கு என் அடி வந்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாம்."

மழை கொட்டியது. மாசிலாமணி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் சொட்டியது. விரல்களுக்கு நடுவே கூரை ஓலை தெரிந்தது. மடங்கிய கையாக இருந்தபோது அப்படி எதுவும் தெரிந்ததில்லை.

குனிந்தார். தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை இடது கையால் அள்ளி, வலது கையில் போட்டுத் தேய்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. எண்ணெய் போகிறவரை தேய்த்தார். வேட்டியில் துடைத்தார். கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் ஆசானின் தோளைத் தடவத் தொடங்கினார்.

ஆசான் திரும்பினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"என்ன காரியம் செய்யுறீங்க?"

"உங்க தோளுக்கு நான் கடமைப்பட்டவன். அதைச் செய்யுறேன்."

"உங்க கை?"

"அது அவன் செய்யவேண்டியது."

"இன்னும் கொஞ்ச நாள் அண்ணாச்சி. கத்தி பிடிச்சிருவீங்க. மரம் வெட்டலாம். பந்தியில உட்கார்ந்து சோறு தின்னலாம்."

"தெரியும்."

"கை வேண்டாமா?"

"வேணும்."

"பின்ன?"

மாசிலாமணியின் கை தோளில் ஓடிக்கொண்டே இருந்தது. அழுத்தமாக, பதமாக, முறை தவறாமல்.

"இது நிமிர்ந்துட்டா, எதைக் காட்டி அவனைக் கூப்பிடுவேன்? நல்ல கையை நீட்டினா சிரிப்பான். கை தானே, அன்னைக்கே சொன்னேன்லா, செரியாயிட்டுல்லான்னு சொல்லுவான். அவன் சொன்னது உண்மையாப் போயிரும்."

அடுப்பில் தீ அணைந்திருந்தது. சட்டியில் எண்ணெய் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

ஆசான் கேட்டார்.

"கோலப்பன் இப்பம் வந்து நின்னா?"

"என்ன?"

"இப்பம். இந்த மழையில. தடவ வந்திருக்கேன், கையைக் கொடும்னு கேட்டு, அந்த வாசல்ல நின்னா?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

மாசிலாமணி மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார்.

மழைதான் பெய்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

நின்றுபோன மூச்சு அப்போதுதான் அவருக்கு வந்தது.