தொட்டால் பதில் சொன்ன இலை

செடிகொடிகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செடிகளுக்கெல்லாம் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தங்கள் விதையை யார் தூரத்துக்குக் கொண்டுபோவார்கள்? தாயின் காலடியிலேயே விழுந்த விதைக்கு வெயில் கிடைக்காது. முளைத்த சூட்டிலேயே வெளுத்துச் செத்துப்போகும். செடியால் நடக்க முடியாது. நாளெல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை குட்டிகள்தான். அதனால் குட்டிகளைத் தம்மிடம் வரவழைக்கச் செடிகள் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கின.

ஓடைக்கரையில் இந்த வேலையில் பேர் வாங்கியவை இரண்டு. ஒன்று, வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய மரம். எல்லோரும் அதைப் பெரியமரம் என்றே கூப்பிட்டார்கள். இன்னொன்று எருக்கு.

எருக்கு ஒரு வருஷம் விதைக்குப் பட்டுப்பஞ்சு கட்டிப் பறக்கவிட்டது. குட்டிகள் அதை ஊதிக்கொண்டே வெகுதூரம் ஓடின. பெரியமரத்துக்குத் தூக்கம் போயிற்று. மறு வருஷம் அது இளஞ்சிவப்பில் பஞ்சுபோன்ற பூக்களைத் தரை தெரியாமல் கொட்டியது. உடனே எருக்கு, அழுத்தினால் 'டப்' என்று வெடிக்கும் மொட்டு செய்தது. மரம் விடவில்லை. தன் காய்ந்த நெற்றுக்குள் விதைகளைக் குலுங்கவிட்டது.

"உன் சத்தத்தைவிட என் சத்தம் பெருசு, கேட்டியா?" என்றது மரம்.

"பெருசுதான் பெரியவரே. என் பஞ்சைப் பார்த்துப் பூ செஞ்சீங்க. என் வெடியைப் பார்த்து நெத்து செஞ்சீங்க. அடுத்து என்ன வேணும்னு இப்பவே சொல்லிடுங்க, நான் முன்னாடியே செஞ்சு வச்சிடறேன்" என்றது எருக்கு.

பெரியமரத்தின் காலடியில் ஒரு சின்னக் கொடி படர்ந்திருந்தது. ஒரே குலம் என்பதால் மரத்தைப் பெரியப்பா என்று கூப்பிடும். அதற்கு எதற்கெடுத்தாலும் பயம். காற்று அடித்தால் பயம். அடிக்காவிட்டால், ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று பயம். ஆனால் அதன் பெரிய பயம் நியாயமானது. போன வருஷம் அது போட்ட விதை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எல்லாவற்றையும் பெரியப்பாவின் நிழல் தின்றுவிட்டது. இந்த வருஷமும் யாரும் விதையை எடுத்துப் போகாவிட்டால், அதன் வம்சம் அதோடு முடிந்தது.

கொடியும் முயன்று பார்த்தது. பெரியப்பாவின் பூவைப் போலவே விரல்நுனி அளவுக்கு ஒரு பூ செய்தது. குட்டிகளின் ரோமத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நெற்றின் ஓரத்தில் பொடிப்பொடி முள்ளாகச் சுனை வைத்தது.

மரம் மேலிருந்து பார்த்தது. "என் பூவையே குட்டியா செஞ்சிருக்கியேம்மா. அழகாத்தான் இருக்கு. ஆனா யாரு குனிஞ்சு பார்ப்பா?"

கொடிக்கு அழுகை வந்தது. பெரியப்பா சொன்னது உண்மைதானே. ரோமம் பக்கத்தில் வந்தால்தானே சுனை பிடிக்கும்?

ஓடைக்கரைக்கு விளையாட வரும் குட்டிகளில் பொட்டு என்று ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி. மந்தையிலேயே அதுதான் சின்னது. தண்ணீர் குடிக்கப் போனாலும் இடித்துத் தள்ளுவார்கள், நிழலில் படுத்தாலும் எழுப்பிவிடுவார்கள். ஒருநாள் அது மரத்தடியில் நெற்றைக் குலுக்கிப் பார்த்தது. எருக்கமொட்டை வெடித்துப் பார்த்தது. பிறகு சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏம்மா, நேத்தும் இப்படித்தான் சத்தம் போட்டுச்சு" என்று தாயிடம் முனகியது. "நான் மெல்ல ஆட்டினாலும் இதேதான், வேகமா ஆட்டினாலும் இதேதான். நான்தான் ஆட்டுறேன்னு அதுக்குத் தெரியவே இல்ல."

"பசிச்சா இப்படித்தான் தோணும். ஏதாவது மேயி" என்றது தாய்.

பொட்டு திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் கொடியின் இலைகள் பச்சைப்பசேல் என்று விரிந்திருந்தன. வாயைத் திறந்துகொண்டு அருகில் வந்தது.

கொடி அந்த வாயைப் பார்த்தது, பல்லைப் பார்த்தது. உதடு இலைமேல் பட்டதும், "ஐயோ" என்று உடம்பெல்லாம் சுருங்கிப்போயிற்று. இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பியதுபோல் மூடிக்கொண்டன. காம்பு தொங்கிவிட்டது.

பொட்டு துள்ளிப் பின்னால் போயிற்று. "ஏய்! என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே சாமி. பயந்துட்டேன்."

"யாரைப் பார்த்து?"

"உன்னைப் பார்த்துத்தான்."

"என்னைப் பார்த்தா?" பொட்டுவால் நம்ப முடியவில்லை. அதைக் கண்டு இதுவரை ஈகூடப் பயந்ததில்லை. "நான் தொட்டதுக்கா இப்படி ஆச்சு? இன்னொரு தடவை பண்ணு. பண்ணேன்!"

கொடி நடுங்கிக்கொண்டே யோசித்தது. மூடியே கிடந்தால் வாடிய சருகு என்று நினைத்து ஆடு போய்விடும், உயிர் தப்பும். திறந்தால் அந்தப் பல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் ஒரு குட்டியின் ரோமம் இனி எப்போது வரும்?

பயம் போகவில்லை. பயத்தோடுதான் ஒவ்வோர் இலையாகத் திறந்தது.

பொட்டு கடிக்கவில்லை. மூக்கு நுனியால் மெல்லத் தொட்டது. தொட்ட பக்கம் மட்டும் மெல்ல மூடியது. குளம்பால் தட்டியது. கொடி முழுவதும் சாய்ந்தது. "அம்மா, இங்க வாயேன்! நான் எப்படித் தொடுறேனோ அப்படிப் பதில் சொல்லுது!" என்று கத்திக்கொண்டு பொட்டு தரையில் புரண்டது. எழுந்தபோது அதன் வயிற்று ரோமத்தில் சுனை வைத்த நெற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் மந்தையே வந்துவிட்டது. முயல்கள் வந்தன, கீரிப்பிள்ளைகள் வந்தன. ஆனால் மூடிய இலையால் வெயில் குடிக்க முடியுமா? பொழுதுக்கும் மூடி மூடிக் கொடி வெளுத்துப்போயிற்று.

"கண்ணுங்களா, கொஞ்சம் பொறுங்க. எனக்கும் மூச்சு வாங்குதில்ல? திறக்கிறப்போ திறப்பேன்" என்றது.

குட்டிகள் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தன. பொறுக்காமல் மிதித்த ஒரு கன்றுக்காகக் கொடி தண்டில் முள் வைத்துக்கொண்டது.

பெரியமரத்தின் கீழே பூக்கள் சீந்துவாரின்றிக் கிடந்தன. அது தன் பெரிய தலையை ரொம்பத் தணித்துக் கேட்டது. "ஏம்மா, அதை எப்படிச் செஞ்சே? நம்ம குலத்துச் சாமான்தானே? பெரியப்பாகிட்ட சொல்லக்கூடாதா?"

"நான் எதுவும் செய்யலை பெரியப்பா. பயந்தேன், அவ்வளவுதான்."

"பயமா? அது எங்கே கிடைக்கும்?"

கொடி பெரியப்பாவை அண்ணாந்து பார்த்தது. வானத்தை அடைத்து நிற்பவருக்குப் பயத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மரம் பார்த்ததை அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தது. விடிந்ததும், "எல்லோரும் மூடுங்கள்" என்று இலைகளுக்கு உத்தரவு போட்டது. எத்தனை கிளை, எத்தனை இலை! அடிக்கிளையைத் தாண்டி உச்சிக்குச் சொல் போய்ச்சேரவே பகல் முழுதும் ஆயிற்று. கடைசி இலை மூடியபோது சூரியன் இறங்கிவிட்டது. குட்டிகள் தாயோடு வீடு திரும்பியிருந்தன.

எருக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. "பிரமாதமா மூடியிருக்கீங்க பெரியவரே. யாருக்குக் காட்ட?"

"நாளைக்கு இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கிறேன்" என்றது மரம்.

இன்னும் ஆரம்பித்துக்கொண்டுதான் இருக்கிறது. அன்று முதல்தான் அந்த மரம் பொழுது சாயும்போது இலைகளை மூடிக்கொள்கிறது. விஷயம் தெரியாத நாம் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டோம். ஆடு போன வழியெல்லாம் முளைத்துக்கிடக்கும் தொட்டாற்சிணுங்கியோ, அன்று முதல் யார் தொட்டாலும் பயந்து சுருங்குகிறது. கொஞ்ச நேரம் பொறுத்து, அதே பயத்தோடு மறுபடி திறக்கிறது.