மூக்கம்மாள் செத்துப்போன சோதனை

இன்ஜினியர் சபேசனுக்குத் தான் செய்த கருவியின் மேல் அசாத்தியப் பெருமை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் நிறுத்துகிற கருவி அது. "சின்னக் குழந்தைகூட இயக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, அதை வாங்கலாமா என்று பார்க்க வந்த அதிகாரிகளோடு மலையடிவார சுகாதார நிலையத்தில் வந்து இறங்கினார்.

நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமே! பிரசவ அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாளைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பிள்ளை பிறந்தாச்சு, ரத்தம் கொட்டுது. நான் முடிக்கிறவரைக்கும் அசையக் கூடாது."

"சரிங்க சார்" என்று கட்டிலில் படுத்தாள்.

சபேசன் பொத்தானை அழுத்தினார். திரை தேதியைக் கேட்டது. பிறகு கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் கையேட்டைப் புரட்டிப் புரட்டி விளக்கிவிட்டுத் திரும்பினால், மூக்கம்மாள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தாள்.

"என்னம்மா, தூக்கமா?"

"இல்லைங்க சார். நான் செத்து வெகுநேரமாச்சு. நீங்க வேலையைப் பாருங்க."

அதிகாரிகள் குபீரென்று சிரித்தார்கள். சபேசனும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் நர்ஸ் செலின் ஓடிவந்து போர்வையை வெடுக்கென்று விலக்கினாள்.

"விளையாட்டுக்குக்கூட வேண்டாம் அக்கா. போன மாசம் பிள்ளை பெத்து ரத்தம் நிக்காம செத்த ராக்காயி முகத்தை இதே கட்டில்ல நான்தானே மூடினேன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. சபேசனுக்குக் காது மடல் எரிந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"பரவாயில்லை, மறுபடி காட்டுங்க" என்றார் பெரிய அதிகாரி.

சபேசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இதை வாங்காதீங்க சார். பிரசவ அறைக்குள்ள நான் கால் வைக்கிறதே இன்னைக்குத்தான்."