பல்லக்கில் ஓர் இடம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆவாரம்பட்டணத்தை மாறவேந்தர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். பசி வந்துவிட்டால் மட்டும் யார் தலை உருளும் என்று சொல்ல முடியாது. அவருக்கு மந்திரி சாத்தையன். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ராஜா கூப்பிட்டால் "இதோ வந்தேன்" என்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார். பட்டணப் பவனி நெருங்கினால் அது இரண்டாகிவிடும்.

வருஷா வருஷம் முடிசூட்டு நாளன்று ராஜா பல்லக்கில் நான்கு வீதியும் சுற்றி, உச்சிப்பொழுதுக்குள் அரண்மனை திரும்பி விருந்தில் உட்கார வேண்டும். விடிந்ததும் புறப்பட்டால் பதினைந்து நாழிகை கையில் இருக்கிறது. மந்திரி தன் வலிக்கும் காலாலேயே வீதிகளை அளந்து பார்த்திருந்தார். எட்டு நாழிகை தாராளம். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாகப் பவனி சாயங்காலம்தான் திரும்பியது. சோறு ஆறிப்போகும், ராஜா கொதித்துப்போவார்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு வாசலில் கற்பூரம் காட்டினால், அது அணையும்வரை பல்லக்கு நகரக்கூடாது, கீழே இறக்கவும் கூடாது. ராஜா தன் வாசலில்தான் அதிக நேரம் நின்றார் என்று பீற்றிக்கொள்வதற்காகப் பெரிய மனிதர்கள் கட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். போன வருஷம் தளவாய் உக்கிரநாதர் கொளுத்தியது தேங்காய் அளவு. கற்பூரத்தைக் குறையுங்கள் என்று வாய் திறந்தால் ராஜபக்தி இல்லாதவன் என்று பேர் வரும். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் தளவாய் திறந்தார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"மகாராஜா, பல்லக்குத் தூக்கிகள் சோம்பேறிகள். மந்திரியாருக்கோ வயதாகிவிட்டது. அவர்களை விரட்ட அவரால் ஆகவில்லை."

அன்றைக்கு ராஜா வேறு பசியோடு இருந்தார். "இந்த முறை உச்சிக்குள் வரவில்லை என்றால் பதினாறு தூக்கிகளுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு பிரம்படி. மோதிரம் தளவாய்க்கு" என்றார்.

மோதிரம் போனால் மந்திரிக்கு நிம்மதிதான். ஆனால் தூக்கிகளின் தலைவன் மொக்கையன் வந்து நின்றபோது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அடி பெரிசில்லீங்க சாமி. பொழுதன்னைக்கும் சுமந்துட்டு, அப்புறம் அடியும் வாங்கணுமேன்னு நெனச்சாத்தான் அசதியா இருக்கு."

சாத்தையன் அன்று மூன்று பெருமூச்சு விட்டார். மறுநாள் சபைக்குப் போனார்.

"மகாராஜா, தங்களுக்குக் கற்பூரம் காட்டுகிறவர்களுக்கு நாம் திரும்ப ஒன்றும் செய்வதில்லை. அது அணையும்வரை தங்கள் பல்லக்கில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுக்க உத்தரவாக வேண்டும்."

"என் பக்கத்திலா?" என்று ராஜா முகம் சுளித்தார்.

"தங்களுக்குத் துளி இடைஞ்சலும் வராது. நான் பொறுப்பு."

தளவாய் குதித்தெழுந்தார். "முதல் வாசல் என்னுடையது! மகாராஜா, எனக்குத்தான் முதல் இடம்!"

"ஆகட்டும்" என்றார் ராஜா.

பவனி நாள் வந்தது. கீழவீதி முதல் வீட்டில் தளவாய் பட்டு உடுத்தி, சந்தனம் பூசி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் கைத்தட்டில் பூசணிக்காய் அளவு கற்பூரம். பொழுதுக்கும் ராஜாவோடு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்கு. ஏற்றினார்கள். பல்லக்கு நின்றது.

"என் இடம் எங்கே?" என்றார் தளவாய்.

"மொக்கையா, விலகிக்கொள். தளவாயே, இப்படி வாருங்கள். முன்தண்டில்" என்றார் பல்லக்கோடு நடந்துவந்த மந்திரி.

"தண்டிலா? பல்லக்கில் என்றீரே!"

"தண்டு பல்லக்கில் சேர்த்தி இல்லையா? உள்ளே என்று நான் சொல்லவில்லையே. முதல் இடம் கேட்டீர்கள், இதுதான் முதல் இடம்."

ராஜா உள்ளிருந்து சிரித்துவிட்டார். தளவாய்க்கு வேறு வழி? தோள் கொடுத்தார். ஆள் குட்டை. பல்லக்கு முன்பக்கம் சாய்ந்தது. ஒரு நாழிகைக்குள் சந்தனம் வேர்வையோடு வயிற்றுக்கு இறங்கியது. பூசணியில் அப்போதுதான் கால்வாசி குறைந்திருந்தது.

"ஊதுடி!" என்று மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கற்பூரத்தை வாயால் ஊதுவாங்களா? ஊர் என்ன பேசும்?"

"ஐயோ, கனக்குதே! மலை மாதிரி கனக்குதே!" என்று வாய்விட்டு அலறினார் தளவாய்.

சேதி வீதிவீதியாக ஓடியது. மற்ற வாசல்களில் தேங்காய் அளவெல்லாம் மிளகளவு ஆனது. சில வாசல்களில் கும்பிடு மட்டும்தான். தளவாய் வாசலிலேயே மூன்று நாழிகை போயும், தெற்கு, மேற்கு வீதிகளைப் பல்லக்கு விறுவிறுவென்று கடந்தது.

ஆனால் ராஜாவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. வடக்கு வீதி முனையில் திரையை விலக்கினார்.

"மொக்கையா, நான் அவ்வளவு கனமா?"

மொக்கையன் தரையைப் பார்த்தான். "பழகிருச்சுங்க, மகாராஜா."

பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தோள்கள் ஒருநாளும் 'கனக்குது' என்று சொன்னதில்லை. ராஜா காலை வெளியே நீட்டினார். "இறக்கு" என்றார். மிச்ச வீதியை நடந்தே கடந்தார். அரண்மனை வாசலை மிதித்தபோது உச்சிக்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. சோறு சுடச்சுட இருந்தது. பதினாறு தூக்கிகளையும் கூட்டிவரச் சொல்லி, முதல் பந்தியில் உட்காரவைத்தார். தளவாய் எண்ணெய் தடவிய தோளோடு கடைசிப் பந்தியில் இடது கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மோதிரத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

"மந்திரி, நீரும் களைத்துவிட்டீர். பல்லக்கு காலியாக இருக்கிறது, ஏறிப் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் போம்" என்றார் ராஜா.

சாத்தையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய அன்றைய பெருமூச்சு அப்போதுதான் வந்தது.

"வேண்டாம், மகாராஜா. இந்த வயதில் நான் படுத்தபடி நாலுபேர் தோளில் வந்தால், ஊர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு கற்பூரம் ஏற்றிவிடும். நடந்தே போகிறேன்."